காலில் வந்த புள்ளியும் மூன்று வருட மாத்திரையும்: மருந்தால் வரும் இரத்தக் குழாய் அழற்சி

எங்கள் பக்கத்தில் யாராவது ‘மருந்து’ என்று சொன்னால், எந்த மருந்து என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முதுகில் பம்பு மாட்டிக்கொண்டு லாலான் களைப்புல்லுக்கு அடிப்பதும் மருந்துதான். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி, எண் வரும்வரை உட்கார்ந்திருந்து வாங்கி வருவதும் மருந்துதான். பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் மூட்டுவலிக்கென்று விற்கிற கறுப்பு உருண்டைக்கும் அதே பெயர். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதில் குழப்பமே வராது. பேச்சின் போக்கிலேயே புரிந்துவிடும்.

ஒரே ஒருமுறை அந்தச் சொல் எங்களை ஏமாற்றப் பார்த்தது. செம்பனை நர்சரியில் வேலை செய்யும் ஓர் அக்கா என் மருந்துக் கடைக்கு வந்தார். வயது நாற்பதுக்குள்தான். கைலியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டி, “தங்கச்சி, மருந்து பட்டுருச்சுன்னு நினைக்கிறேன். பூச ஏதாச்சும் கொடு” என்றார். இரண்டு கால்களிலும், கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும், மிளகளவில் கருஞ்சிவப்புப் புள்ளிகள். விரலால் தடவினால் தட்டுப்பட்டன. அரிப்பு பெரிதாக இல்லை, எரிச்சல்தான் என்றார். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நாற்றுக்குப் பூச்சி மருந்து அடிக்கிறவர் என்பதால் அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை.

அடிக்கிற மருந்து பட்டிருந்தால் பட்ட இடத்தில் மட்டும்தானே இருக்க வேண்டும்? பூட்ஸுக்குள் இரண்டு காலிலும் ஒரே அளவாக எப்படி வரும்? அதனால் கேட்டேன், “அக்கா, வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?” “புதுசா ஒண்ணும் இல்ல. தைராய்டு மாத்திரை மட்டும்தான். அது மூணு வருசமா சாப்பிடுறேன், எனக்கு ஒத்துக்கிட்ட மாத்திரை.”

அந்தப் பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். மூன்று வருடம் ஒத்துப்போன மாத்திரை நாலாவது வருடத்தில் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஒவ்வாமை என்றால் முதல் நாளே உடம்பு தடித்து, கண் வீங்கி, மூச்சு முட்ட வேண்டும் என்று நினைக்கிறோம். அது ஒரு வகை மட்டுமே. மெதுவாக, மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் உள்ளுக்குள் தயாராகி வெளியே வருகிற வகையும் உண்டு. அதில் ஒன்றுதான் இரத்தக் குழாய் அழற்சி. மருத்துவர்கள் இதை வாஸ்குலிடிஸ் என்பார்கள்.

குழாய்க்குள் என்ன நடக்கிறது

லயத்து வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு வீட்டு வரிசையின் பின்னால் ஓடும் தண்ணீர்க் குழாய் நினைவிருக்கும். பெரிய குழாயிலிருந்து சின்னக் குழாய் பிரிந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போகும். நம் உடம்பிலும் அப்படித்தான். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி பிரிந்து பிரிந்து, கடைசியில் கண்ணுக்கே தெரியாத நுண்குழாய்களாகிறது. அவற்றின் உள்விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு சிவப்பணுவே ஏழெட்டு மைக்ரோமீட்டர் அகலம் இருக்கும். அதனால் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சில இடங்களில் உடம்பை மடித்துக்கொண்டுதான் நுழைய முடியும்.

இரும்புக் குழாய்க்கும் இரத்தக் குழாய்க்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இரத்தக் குழாயின் சுவர் உயிருள்ளது. அதன் உள்பக்கம் மெல்லிய செல்வரிசை ஒன்று விரித்த பாய் போலப் படர்ந்திருக்கும். எதை வெளியே விடலாம், எதை உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்பதை அந்தச் செல்கள்தான் தீர்மானிக்கின்றன. நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஏதோ காரணத்தால் அந்தச் சுவரையே தாக்கத் தொடங்கினால், சுவர் வீங்கும். வீங்கினால் பாதை குறுகும். தாக்குதல் கடுமையானால் சுவரில் ஓட்டை விழுந்து இரத்தம் கசியும், அல்லது உள்ளே கட்டி அடைத்துக்கொள்ளும். கசிந்தால் தோலில் புள்ளி. அடைத்தால் அந்தக் குழாயை நம்பியிருந்த இடம் பட்டினி.

இந்த நோய் மருத்துவ உலகுக்குப் புதிதல்ல. 1866இல் ஜெர்மனியில் குஸ்மால், மையர் என்ற இருவர் 27 வயதுத் தையல்காரர் ஒருவரின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்து, தமனிகளின் நெடுகிலும் சிறு சிறு முடிச்சுகள் இருந்ததை எழுதி வைத்தார்கள். இன்று குழாயின் அளவை வைத்து இந்த நோய்களைப் பெரியது, நடுத்தரம், சிறியது என்று பிரிக்கிறார்கள். 2012இல் அமெரிக்காவின் சேப்பல் ஹில் நகரின் பெயரால் வெளியான பெயரிடல் முறையில், ‘மருந்தோடு தொடர்புடையது’ என்று இதற்குத் தனி இடமே கொடுத்தார்கள். மருந்தால் வருவது பெரும்பாலும் சின்னக் குழாய்களைத்தான் பிடிக்கும்.

அக்காவுக்கு ஏன் காலில் வந்தது? நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு இரத்தத்தின் எடையெல்லாம் கீழே இறங்குகிறது. கால்களில் ஓட்டம் மெதுவாகி, குழாய்ச் சுவரில் அழுத்தம் கூடுகிறது. அழற்சியைத் தூண்டும் பொருட்கள் அங்கே எளிதாகப் படிந்துவிடும். படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளுக்கு இதே புள்ளிகள் முதுகிலும் பிட்டத்திலும் வருவதைப் பார்த்தால், புவியீர்ப்பின் வேலை இது என்று புரிந்துவிடும்.

மாத்திரை எப்படிச் சுவரைத் தாக்கும்?

மாத்திரை நேராகப் போய்க் குழாயைக் கிழிப்பதில்லை. இரண்டு வழிகளை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டுக்கும் நேரக்கணக்கு வேறு.

முதல் வழி சீக்கிரமானது. மருந்து நம் உடம்பிலுள்ள ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய உருவத்தை உடம்பு அந்நியன் என்று நினைத்து எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. இரண்டும் சேர்ந்து சின்னச் சின்னக் கட்டிகளாகி, குழாய்ச் சுவரில் படிந்து அழற்சியைக் கிளப்பும். இதற்குப் பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரம் பிடிக்கும். பென்சிலின் வகைகள், செஃபலோஸ்போரின், சல்ஃபா மருந்துகள், சில வலி மாத்திரைகள் இப்படிச் செய்யக்கூடியவை. பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் மறையும்.

இரண்டாவது வழி நீண்டகால மருந்துகளுக்கு உரியது. அக்காவுக்கு நடந்தது இதுதான். நம் வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்று ஒரு படை உண்டு. கிருமியைக் கொல்ல அவை வயிற்றுக்குள் இரசாயனப் பொட்டலங்களை வைத்திருக்கும். அவற்றில் இருக்கும் ஒரு நொதியின் பெயர் மையலோபெராக்சிடேஸ். அக்கா சாப்பிட்ட மாத்திரை புரொப்பைல்தயோயுராசில், சுருக்கமாகப் பிடியு. இந்த மருந்து நியூட்ரோஃபிலுக்குள் போய்ச் சேர்ந்ததும், மையலோபெராக்சிடேஸ் அதை வேறொரு சுறுசுறுப்பான பொருளாக மாற்றுகிறது. அப்படி மாறிய பொருள் திரும்பி அந்த நொதியையே உருமாற்றிவிடுகிறது.

இத்தோடு இன்னொன்றும் நடக்கிறது. நியூட்ரோஃபில் சாகும்போது தன் மரபணு இழைகளை வலைபோல வீசிக் கிருமியைப் பிடிக்கும். இது 2004இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. வேலை முடிந்ததும் உடம்பு அந்த வலையைக் கரைத்துச் சுத்தம் செய்துவிட வேண்டும். பிடியு சேர்ந்த வலைகள் சரியாகக் கரைவதில்லை என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். வலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் மையலோபெராக்சிடேஸ் நாட்கணக்கில் காவல் அணுக்களின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு கட்டத்தில் அவை அதை எதிரி என்று குறித்துக்கொள்கின்றன.

அப்போது உருவாகும் எதிர்ப்பொருளுக்கு ஆன்கா என்று பெயர். அது நம்முடைய நியூட்ரோஃபில்களையே உசுப்பிவிடும். உசுப்பப்பட்டவை குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு தங்கள் பொட்டலங்களைப் பிரித்துக் கொட்டும். கிருமிக்காகச் சேர்த்து வைத்த விஷம் நம் சுவரிலேயே விழுகிறது. இத்தனையும் நடக்க நாளாகும். அதனால்தான் ‘மூணு வருசமா ஒண்ணும் ஆகல’ என்பது இந்த நோய்க்கு எதிரான சாட்சி ஆகாது. நீண்ட நாள் சாப்பிட்டது என்பதே சந்தேகத்தைக் கூட்டும்.

பிடியு சாப்பிடுகிறவர்களில் கணிசமானோரின் இரத்தத்தில் ஆன்கா தென்படும். ஆனால் அவர்களில் சிலருக்கு மட்டுமே நோயாக வெளிப்படும். ஏன் சிலருக்கு மட்டும் என்ற கேள்விக்கு மரபணு, அளவு, காலம் என்று பல பதில்கள் சேர்ந்தே வருகின்றன. இதைப் படித்துவிட்டு யாரும் தைராய்டு மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. கட்டுப்பாடில்லாத மிகைத் தைராய்டு இதயத்தைப் படுத்துகிற பாடு சாதாரணமல்ல.

எந்தெந்த மருந்துகள்

ஆன்கா வழியில் வரும் அழற்சிக்கு முன்வரிசையில் நிற்பது பிடியுதான். நம் நாட்டில் மிகைத் தைராய்டுக்கு வழக்கமாக முதலில் கொடுப்பது கார்பிமசோல். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் பாதுகாப்புக்காகப் பிடியுக்கு மாற்றுவார்கள். அக்காவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. பிள்ளை பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகும் அதே மாத்திரை தொடர்ந்தது. கார்பிமசோலாலும் இந்த அழற்சி வரலாம், ஆனால் பிடியுவைவிடக் குறைவு.

இரத்தக் கொதிப்புக்கும் இதயத் தளர்ச்சிக்கும் கொடுக்கும் ஹைட்ராலசின் இரண்டாவது. 1950களிலிருந்து இருக்கிற மருந்து. இன்று முன்போல அதிகம் கொடுப்பதில்லை. இது தோலில் காட்டாமல் நேராகச் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் பிடிக்கக்கூடியது என்பதால் மருத்துவர்கள் இதை அலட்சியமாகப் பார்ப்பதில்லை. முகப்பருவுக்கு மாதக்கணக்கில் சாப்பிடும் மினோசைக்ளின் இன்னொன்று. பருவுக்குத்தானே என்று இளம் பிள்ளைகள் வருடம் தாண்டிச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மூட்டுவலி, காய்ச்சல், காலில் வலைபோல நீலக்கோடுகள் வந்தால் மாத்திரையை நினைவில் கொள்ள வேண்டும். யூரிக் அமிலத்துக்கான அல்லோபியூரினால், வலிப்புக்கான ஃபெனிட்டோயின், மூட்டுவாதத்துக்கு ஊசியாகப் போடும் சில உயிரி மருந்துகள், புற்றுநோய்க்கான புதிய எதிர்ப்பாற்றல் மருந்துகள் ஆகியவையும் பட்டியலில் உண்டு.

இங்கே நான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் பாதிப் பேர் இனிப்பு நீருக்கும் கொதிப்புக்கும் கொழுப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறோம். மெட்ஃபார்மினும் அம்லோடிப்பினும் கொழுப்பு மாத்திரையும் இந்த நோய்க்குப் பேர்போனவை அல்ல. அவற்றால் இது வருவது மிக அரிது. அம்லோடிப்பினால் கால் வீங்குவது வேறு கதை. கட்டுரையைப் படித்துப் பயந்து, பிரஷர் மாத்திரையை நிறுத்தி, பக்கவாதத்தில் போய் விழுந்தால் அந்தப் பாவம் என்னைச் சேரும்.

மருந்தைக் குற்றம் சொல்லுமுன் வேறு காரணங்களையும் பார்க்க வேண்டும். தோலில் வரும் இந்த அழற்சியில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணமே கிடைப்பதில்லை. ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகள், தொண்டைப் புண், லூபஸ் போன்ற நோய்களாலும் வரும். அதனால்தான் மருத்துவர் சம்பந்தமே இல்லாத மாதிரி மஞ்சள் காமாலைப் பரிசோதனைக்கெல்லாம் இரத்தம் எடுப்பார். வீண் செலவு என்று முகம் சுளிக்க வேண்டாம்.

கோப்பி கிளாஸ் சோதனை

அன்று கடையில் நான் செய்தது இவ்வளவுதான். ஒரு கண்ணாடி கிளாஸைக் கழுவித் துடைத்து, அக்காவின் காலில் புள்ளிகள் மேல் வைத்து மெதுவாக அழுத்தினேன். சாதாரணத் தடிப்பாகவோ கொசுக்கடியாகவோ இருந்தால், அழுத்தும்போது சிவப்பு மறைந்து தோல் வெளுத்துத் தெரியும். ஏனென்றால் அந்தச் சிவப்பு குழாய்க்குள் இருக்கிற இரத்தம், அழுத்தினால் ஒதுங்கிவிடும். அக்காவின் புள்ளிகள் மறையவில்லை. இரத்தம் குழாயை விட்டு வெளியே வந்து தோலுக்குள் தங்கிவிட்டது என்று அர்த்தம்.

மறையாத புள்ளி எல்லாமே இந்த நோயல்ல. டெங்கியிலும் தட்டணு குறைந்தால் மறையாத புள்ளிகள் வரும். அவை ஊசிமுனை அளவில், தடவினால் கைக்குத் தட்டுப்படாமல், காய்ச்சலோடு வரும். எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸிலும் இரத்தக்கசிவு உண்டு. செம்பனைக் காட்டில் எலிக்குப் பஞ்சமில்லை என்பதால் அதையும் மறக்க முடியாது. காய்ச்சலும் மறையாத புள்ளியும் சேர்ந்து வந்தால், எந்த நோய் என்று வீட்டில் உட்கார்ந்து ஆராயாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயதானவர்களின் முன்கையில் வரும் ஊதாத் திட்டு, அதுவும் ஆஸ்பிரின், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு, பெரும்பாலும் தோல் மெலிந்து லேசாகப் பட்டதால் வருவது. இனிப்பு நீர்க்காரர்களின் முன்காலில் இருக்கும் பழுப்புத் தழும்பும் வேறு. மேலெழும்பி, இரண்டு காலிலும், கூட்டமாகத் தோன்றும் கருஞ்சிவப்புப் புள்ளியைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

புள்ளியைவிட எனக்குப் பயம் தருவது கண்ணுக்குத் தெரியாத இடங்கள். சிறுநீரகம் முழுக்க நுண்குழாய்ச் சல்லடைதான். அங்கே அழற்சி வந்தால் வலிக்காது. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. முதுகு வலித்தால்தான் கிட்னி கோளாறு என்று நம்பி, வலியில்லாததால் நிம்மதியாக இருப்பவர்கள் அநேகம். சிறுநீர் நுரைத்துப் போவது, கொக்கோகோலா நிறத்தில் போவது, காலையில் முகம் ஊதியிருப்பது இவையெல்லாம் தெரிகிற அடையாளங்கள். பல நேரம் அதுகூட இருக்காது. சிறுநீரில் குச்சியை முக்கிப் பார்த்தால்தான் புரதமும் இரத்தமும் தெரியும். நுரையீரலைப் பிடித்தால் இருமலில் இரத்தம் வரும், படியேற மூச்சு வாங்கும். நம் ஊரில் அதை உடனே காசநோய் என்று நினைப்பார்கள். காசநோய்க்குப் பார்ப்பது சரிதான், ஆனால் நீண்டகால மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நரம்புக்குப் போகும் குழாய் அடைத்தால் பாதம் தொங்கிவிடும், செருப்பு காலில் நிற்காமல் நழுவும். இவற்றோடு காய்ச்சல், மூட்டுவலி, பசியின்மை, எடை குறைவது. வெளிக்காட்டில் வேலை செய்கிறவர்கள் இதெல்லாம் வேலைக் களைப்பு என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் நடக்கிறது.

நிறுத்துவதா, வேண்டாமா

அக்காவிடம் நான் பூச எதுவும் கொடுக்கவில்லை. நாளைக்கு மாத்திரையை விழுங்குமுன் கிளினிக்குக்குப் போங்கள், மருந்துப் பை முழுவதையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். “அப்ப நான் நிறுத்திடவா?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்குக் கடை முகப்பில் நின்று பதில் சொல்வது எளிதல்ல.

மருந்துதான் காரணம் என்று உறுதியானால் முதல் சிகிச்சையே அதை நிறுத்துவது. ஆனால் நிறுத்துவதை மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டும், அதுவும் ஓரிரு நாளுக்குள் அவரைப் பார்த்து. காரணம், சில மருந்துகளை நிறுத்தினால் அடக்கி வைத்திருந்த நோய் பாய்ந்து வரும். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும். இன்னொரு காரணமும் உண்டு. சந்தேகப்பட்டவர் தானாக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, புள்ளி மறைந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால், எந்த மாத்திரை குற்றவாளி என்று யாருக்கும் தெரியாமல் போகும். தோலில் சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனைக்கும், புள்ளி தோன்றி ஒன்றிரண்டு நாளுக்குள் எடுத்தால்தான் தெளிவான பதில் கிடைக்கும். மூச்சுத் திணறல், இருமலில் இரத்தம், சிறுநீர் குறைந்துபோவது என்றால் கிளினிக் திறக்கக் காத்திருக்காமல் 999ஐ அழைக்க வேண்டும்.

மருந்துப் பை என்று சொன்னேனே, அதில் எல்லாமே இருக்க வேண்டும். கிளினிக் மாத்திரை, தனியார் டாக்டர் கொடுத்தது, பக்கத்து வீட்டு அத்தை ‘எனக்கு நல்லா கேட்டுச்சு’ என்று கொடுத்த வலி மாத்திரை, ஜாமு, மாஜுன் போன்ற மலாய் நாட்டு மருந்து, சின்சே என்கிற சீன வைத்தியரிடம் வாங்கிய பொடி, நாட்டு லேகியம் அத்தனையும். திட்டுவார்களோ என்று பயந்து மறைக்கிறவர்கள் அதிகம். எங்கள் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தவர். “மறைச்ச மருந்துதான் ஆளைக் கவுக்கும்” என்று அவர் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான்.

மூட்டுவலிக்கென்று பதிவில்லாமல் விற்கும் மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அதில் இரண்டு ஆபத்து. இரத்தக் குழாய் அழற்சியை ஸ்டீராய்டு அடக்கி மூடி வைக்கும். புள்ளி மறையும், வலி போகும், உள்ளே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருப்பது தெரியாது. முகம் உப்பி இனிப்பு நீர் ஏறிய பிறகு பயந்து சட்டென்று நிறுத்தினால், சுரக்க மறந்துபோன அட்ரினல் சுரப்பி கைவிட்டுவிடும், ஆள் மயங்கி விழுவார். வாங்குமுன் பெட்டியில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் பாதுகாப்பு ஹோலோகிராமும் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கவும் முடியும். மருந்தால் வந்த பாதிப்பை மருத்துவர்கள் மட்டுமல்ல, சாப்பிட்டவரே நேரடியாக அங்கே தெரிவிக்கலாம் என்பது நம் மக்களில் அநேகருக்குத் தெரியாது.

பிறகு என்ன ஆனது

அக்கா மறுநாளே கிளினிக்குக்குப் போனார். சிறுநீரில் புரதமும் இரத்தமும் இருந்ததால் அங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள். ஆன்கா பரிசோதனையில் மையலோபெராக்சிடேஸுக்கு எதிரான வகை தெரிந்தது. தோலிலும் சிறுநீரகத்திலும் துண்டு எடுத்துப் பார்த்தார்கள். பிடியு அன்றே நிறுத்தப்பட்டது. புள்ளிகள் இரண்டு மூன்று வாரத்தில் பழுப்பாகி மங்கின.

தோலோடு நின்றிருந்தால் மாத்திரையை நிறுத்தி, காலை உயர்த்தி வைத்து, சில நாள் வேலைக்குப் போகாமல் இருந்தாலே பெரும்பாலும் போதும். அக்காவுக்குச் சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டதால் பிரெட்னிசோலோன் கொடுத்தார்கள், படிப்படியாகக் குறைத்தார்கள். இன்னும் கடுமையாக இருந்தால் சைக்ளோஃபாஸ்ஃபமைட், ரிட்டக்ஸிமாப் போன்ற வீரியமான மருந்துகள் வரைக்கும் போக வேண்டியிருக்கும். மருந்தால் வந்ததில் ஒரு நல்ல செய்தி, காரணத்தைக் கண்டுபிடித்து விலக்க முடியும் என்பது. தானாக வரும் ஆன்கா நோய்க்காரர்களைவிட இவர்களுக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் சிகிச்சை பொதுவாகக் குறைந்த காலமே தேவைப்படும். ஆனால் அது சிறுநீரகம் எந்த நிலையில் பிடிபட்டது என்பதைப் பொறுத்தது. தழும்பாகிப்போன சிறுநீரகத் திசு திரும்பி வராது.

தைராய்டு மட்டும் அப்படியே இருந்தது. பிடியுக்குப் பதில் மறுபடி கார்பிமசோல் கொடுக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஒரே குடும்பத்து மருந்து என்பதால் அதுவும் அழற்சியைக் கிளப்பக்கூடும், அதனால் தவிர்த்தார்கள். கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். சில நாள் பிள்ளையைத் தொட்டுக் கொஞ்சக் கூடாது, தள்ளிப் படுக்க வேண்டும் என்றதும் அக்கா அழுதுவிட்டார். நாத்தனார் வந்து பிள்ளையைக் கூட்டிப்போனார். இப்போது தைராய்டு சுரப்பு குறைந்துவிட்டதால் தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் சாப்பிடுகிறார். அது பிடியுவைப் போன்றதில்லை, உடம்பே செய்கிற சுரப்பின் அச்சு.

அவருடைய மருந்து ஒவ்வாமை அட்டை ஐசியோடு (அடையாள அட்டையோடு) சேர்த்துப் பர்ஸில் இருக்கிறது. பிடியுவின் பெயரையும் நடந்ததையும் அதில் எழுதியிருக்கிறார்கள். பல் பிடுங்கப் போனால்கூட முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுகிறார். போன மாதம் கடைக்கு வந்தபோது காலைக் காட்டினார். புள்ளி இருந்த இடத்தில் லேசான பழுப்பு நிழல் மட்டும்தான். “எல்லாம் போச்சுல்ல?” என்று கேட்டார். இரத்தத்தில் ஆன்கா இன்னும் கொஞ்சம் இருக்கிறது, மாத்திரையை நிறுத்திய பிறகும் அது வருடக்கணக்கில் தங்கும் என்று சொன்னேன். அடுத்த சிறுநீர்ப் பரிசோதனை எப்போது என்று கேட்டதற்கு, பையிலிருந்து அப்பாயின்ட்மென்ட் புத்தகத்தை எடுத்துத் தேதியைக் காட்டினார்.